கலிங்கம் வெல்லப்பட்டது: அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டும் அதன் மொழிபெயர்ப்புகளும்

அசோகர் கலிங்கத்தின்மீது படையெடுத்தது கி.மு. 261 அளவில் என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கணிப்பு. அப்போரைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதெல்லாம் ஒரே ஒரு மூலத்திலிருந்து வந்தவை. வென்ற அரசரே தம் ஆட்சிப் பரப்பெங்கும் பொறித்து வைத்த பதின்மூன்றாம் பெரும்பாறைக் கல்வெட்டே அம்மூலம். இலங்கையின் பாளி வரலாற்று நூல்களான தீபவம்சமும் மகாவம்சமும் அசோகரைப் பௌத்தத்தின்பால் ஈர்த்தவர் நிக்ரோதர் என்னும் இளந்துறவி என்று கூறுகின்றன. கலிங்கப் போர் அவற்றில் இடம்பெறவில்லை. வடமொழி அசோகாவதானமும் அதனைச் சொல்லவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்திராவிட்டால் கலிங்கப் போரால் வருந்திய அசோகர் என்ற ஒருவரை வரலாறு அறிந்திருக்காது.

இதனால் இக்கல்வெட்டின் மொழிபெயர்ப்புக்கு ஏனைய பழஞ்சாசனங்களின் மொழிபெயர்ப்புக்கு இல்லாத ஒரு பொறுப்பு ஏற்படுகிறது. பிணங்கள் கிடக்கும் போர்க்களத்தில் தனியே நடந்து, கண்ணீர் உகுத்து, வாளை எறிந்துவிடும் அரசரைப் பள்ளிப் பாடநூல்களும் நாடகங்களும் திரைப்படங்களும் காட்டி வந்துள்ளன. கல்வெட்டில் போர்க்களக் காட்சி இல்லை, கண்ணீர் இல்லை, வாளும் இல்லை. கல்வெட்டில் உள்ளவை சில எண்களும், சில பெயர்ச்சொற்களும், மிகக் கவனமாக அமைக்கப்பட்ட சில தொடர்களுமே. அவற்றுக்கும் பாடநூற் காட்சிக்கும் இடைப்பட்ட தொலைவு மொழிபெயர்ப்பின் வழியாகவே கடக்கப்பட்டது. போர் தொடுக்க முடிவு செய்தவரே அம்முடிவின் விளைவுகளைப் பட்டியலிடும்போது, முடிவு செய்த செயல் அப்பட்டியலில் எந்த இலக்கண வடிவில் நிற்கிறது, மொழிபெயர்ப்பில் அது என்னவாகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

தொடரின் அமைப்பு

ஷாபாஸ்கரி, மான்சேரா, கால்சி, எர்ரகுடி, கிர்நார் ஆகிய இடங்களில் இக்கல்வெட்டின் பிராகிருத வடிவங்கள் உள்ளன. கிர்நாரில் இப்பகுதி பெரிதும் சிதைந்துள்ளது. வட்டார ஒலி வேறுபாடுகள் நீங்கலாக எல்லா வடிவங்களிலும் முதல் தொடரின் அமைப்பு ஒன்றே. 'விஜித' என்னும் இறந்தகாலப் பெயரெச்ச வடிவம் பயனிலை, கலிங்கம் எழுவாய். முடிசூடி எட்டாண்டு ஆன தேவானாம்பிரிய பிரியதர்சி அரசர் ஆறாம் வேற்றுமையில் நிற்கிறார்.

இடைக்கால இந்திய ஆரிய மொழிகளில் இவ்வகைப் பயனிலையோடு வினைமுதல் ஆறாம் வேற்றுமை ஏற்பது இயல்பு. ஆயினும் இங்கு அவ்வேற்றுமை இரண்டு வேலைகளைச் செய்கிறது. எட்டாண்டு ஆன அரசர் என்பது ஆட்சியாண்டைக் குறிக்கும் வாய்பாடு. அதுவே வென்றவரையும் குறிக்க வேண்டியிருக்கிறது. அரசர் தொடரில் இருக்கிறார். ஆனால் காலக் குறிப்பின் போர்வைக்குள் இருக்கிறார். 1925இல் அசோகர் கல்வெட்டுகளின் திருத்திய பதிப்பை வெளியிட்ட ஹுல்ஷ் இந்நுட்பத்தை உணர்ந்தவர். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் முதற் பதிப்பாசிரியராகத் தமிழ்நாட்டார்க்கு அறிமுகமான அவரே இவர். ஆறாம் வேற்றுமைத் தொடரை ஆண்டுக் குறிப்பாக மட்டும் கொண்டு, வெல்லப்பட்டது என்று செயப்பாட்டு வினையாக மொழிபெயர்த்து, 'அவரால்' என்னும் பொருளுடைய சொல்லை அடைப்புக்குறிக்குள் இட்டார். ரொமிலா தாப்பரின் மொழிபெயர்ப்பு (1961) அரசரை எழுவாயாக்கிச் செய்வினையில் கூறுகிறது. ஆங்கில நடைக்கு இரண்டாவது இயல்பானது. மூலத்தின் தயக்கத்தைக் காத்தது முதலாவது. அடைப்புக்குறி அழகற்றதுதான். ஆனால் மூலத்தில் இல்லாததை இல்லை என்று காட்டும் நேர்மை அதற்கு உண்டு.

'விஜித' என்னும் சொல்லிலேயே மற்றொரு சிக்கலும் அடங்கியுள்ளது. இரண்டாம் பாறைக் கல்வெட்டில் அரசரின் ஆட்சிப் பரப்பு முழுவதையும் குறிக்க இதே சொல் பெயராக வருகிறது. அதாவது ஆளும் நிலத்திற்கும் வென்ற நிலத்திற்கும் அவ்வாட்சி மொழியில் ஒரே சொல். கலிங்கம் 'விஜித' ஆயிற்று என்பது வெல்லப்பட்டது என்றும் பொருள்படும். ஆட்சிப் பரப்பாயிற்று என்றும் பொருள்படும். வெல்லப்படாத நாட்டைக் குறிக்கும் 'அவிஜித' என்ற சொல் சற்றுத் தள்ளி வருகிறது. இன்னும் வெல்லப்படாதது என்பதே அயல்நாட்டுக்குரிய பெயர்!

ஏன் போர் தொடுக்கப்பட்டது என்பதற்கு இக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. கடற்கரை வாணிகம், தெற்கு நோக்கிய பெருவழி, நந்தர் காலத்து உரிமை என்று வரலாற்றாசிரியர் ஊகித்த காரணங்கள் பல, அவை ஊகங்களே. மொழியியல் நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. அசோகரின் சாசன மொழியில் 'இச்சதி' (விரும்புகிறார்) என்பது அடிக்கடி வரும் வினை. எல்லாச் சமயத்தாரும் எங்கும் வாழ அரசர் விரும்புகிறார் என்று ஏழாம் கல்வெட்டு சொல்கிறது. பதின்மூன்றாம் கல்வெட்டிலேயே, எல்லா உயிர்க்கும் தீங்கின்மையும் அடக்கமும் நடுவுநிலையும் உண்டாக அரசர் விரும்புகிறார் என்று வருகிறது. தம் விருப்பத்தைச் சொல்லக் கூசாத அரசர் இவர். அவ்வினை கலிங்கப் போரைப் பற்றிய தொடர்களில் மட்டும் இல்லை. போருக்குப் பின் தோன்றிய விருப்பம் பதிவாகியுள்ளது. போரை விளைத்த விருப்பம் பதிவாகவில்லை.

எண்களும் மூன்று சொற்களும்

அடுத்து வருவது கணக்கு. அங்கிருந்து அகற்றிக் கொண்டுபோகப்பட்டோர் ஒன்றரை நூறாயிரம். அங்கே கொல்லப்பட்டோர் நூறாயிரம். இறந்தோர் அதனினும் பன்மடங்கு. ஒன்றரையைக் குறிக்கும் 'தியட' என்ற சொல் இரண்டில் அரை குறைந்தது என்னும் அமைப்புடையது. இவ்வெண்களோடு 'மாத்ர' என்ற ஒட்டும் சேர்ந்துள்ளது. அளவு என்பது அதன் பொருள். ஒன்றரை என்ற தனிச்சொல் தமிழில் இருப்பதால் தமிழாக்கத்தில் இக்கணக்கு இயல்பாக அமையும். நூற்றைம்பது ஆயிரம் என்று எழுதுவது ஆங்கிலத்தின் வழியாக வந்த சுற்றுப்பாதை. ஒன்றரை நூறாயிரம் அளவினர் என்றால் போதும்.

எண்ணைவிடச் சொற்களே மொழிபெயர்ப்பாளரைச் சோதிப்பவை. 'அபவூட', 'ஹத', 'முட' என்னும் மூன்றும் மூன்று வகை மக்களைக் குறிக்கின்றன. 'ஹத' கொல்லப்பட்டவர். 'முட' (கால்சியில் 'மட') செத்தவர். யார் கொன்றது என்ற கேள்விக்கு அச்சொல்லில் இடமில்லை. பசி, நோய், அலைச்சல் ஆகியவற்றால் நேர்ந்த சாவுகள் இதில் அடங்கும் எனக் கொள்ளலாம். வாளால் கொல்லப்பட்டவரைவிட இவ்வாறு செத்தவர் பன்மடங்கு என்று ஆட்சியாளரே ஒப்புக்கொள்வது பண்டைச் சாசனங்களில் அரிது. பிற்காலப் போர்களின் அரசு அறிக்கைகளிலும் இவ்விருவகையினரைப் பிரித்துக் கூறும் வழக்கம் எளிதில் காணக்கூடியதன்று.

'அபவூட' என்பது மேலும் கவனத்திற்குரியது. 'அப' என்பது அப்பால் என்னும் பொருளுடைய முன்னொட்டு; வினை சுமத்தல், கொண்டுசெல்லல் பற்றியது. அப்பால் கொண்டுபோகப்பட்டவர் என்பது சொற்பொருள். கௌடிலியத்தில் புதிய குடியிருப்புகளை நிறுவுதல் பற்றிய பகுதி, பிற நாட்டிலிருந்து மக்களை 'அபவாஹனம்' செய்து குடியேற்றலாம் என்கிறது. அந்நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் சொல் அதுவே. ஆகவே 'அபவூட' என்பது நிருவாகக் கலைச்சொல்லாக இருந்திருக்கக்கூடும். காட்டைத் திருத்தவும் தரிசை உழவும் கொண்டுபோகப்படும் மனித உழைப்பை அது குறிக்கும். பட்டியலில் அகற்றப்பட்டோர் முதலிலும் கொல்லப்பட்டோர் அடுத்தும் வருவதற்கு இதுவே காரணமாகலாம். கணக்கெழுதுவோர் வரவை முதலில் எழுதுவர். வருத்தத்தைச் சொல்லும் பிற்பகுதியில் இவ்வரிசை மாறிவிடுகிறது. அங்கே 'வத' (கொலை) முதலிலும், 'மரண' இடையிலும், 'அபவாஹ' இறுதியிலும் நிற்கின்றன. அறிக்கையின் வரிசை வேறு, வருத்தத்தின் வரிசை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடும் மொழிபெயர்ப்புகளில் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

கந்தகாரின் கிரேக்கம்

இக்கல்வெட்டுக்கு அசோகர் காலத்திலேயே செய்யப்பட்ட ஒரு மொழிபெயர்ப்பு உண்டு. 1963இல் பழைய கந்தகாரில் கண்டெடுக்கப்பட்டு, 1964இல் தானியேல் ஷ்லும்பெர்ஜேயால் வெளியிடப்பட்ட கிரேக்கக் கல்வெட்டில் பன்னிரண்டாம் சாசனத்தின் இறுதியும் பதின்மூன்றாம் சாசனத்தின் தொடக்கமும் உள்ளன. அதைச் செய்தவர் பெயர் தெரியாத ஒரு தேர்ந்த மொழிபெயர்ப்பாளர். நல்ல கிரேக்க நடை அவருக்குக் கைவந்திருந்தது. அவர் செய்த மாற்றங்கள் இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பாடமாகத் தக்கவை.

கிரேக்கத்தில் முதல் தொடரின் எழுவாய் அரசரே. கலிங்கம் செயப்படுபொருளாக இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. கீழ்ப்படுத்தினார் என்ற வினை அரசரைக் கொண்டு முடிகிறது. பிராகிருதம் மறைத்த வினைமுதலைக் கிரேக்கம் வெளிக்கொணர்ந்துவிட்டது. எண்களைப் பதினாயிரம் என்னும் கிரேக்க அலகுக்கு மாற்றி, பதினைந்து பதினாயிரம், பத்துப் பதினாயிரம் என்று எழுதினார். அளவு என்னும் ஒட்டு உதிர்ந்தது. அகற்றப்பட்டோரைக் குறிக்க அவர் ஒரு சொல்லுக்கு இரண்டு சொற்களை ஆண்டார்: உயிரோடு பிடிக்கப்பட்டோர், வெளியே கொண்டுபோகப்பட்டோர். அம்மக்களை அவர் 'சோமதா' என்கிறார். உடல்கள் என்பது அதன் நேர்ப்பொருள். அக்காலக் கிரேக்கத்தில் அடிமைகளைக் குறிக்கவும் அச்சொல் வழங்கியது. போரில் பிடிபட்டோர் அடிமைச் சந்தைக்குப் போவதைக் கண்டறிந்த வாசகர்க்கு வேறு விளக்கம் வேண்டியிருக்காது. பன்மடங்கு என்ற மூன்றாம் எண்ணை மட்டும் அவர் ஏறக்குறைய அவ்வளவே வேறு பேர் என்று குறைத்துவிட்டார். அவர் முன் இருந்த மூலப்படியே வேறாக இருந்திருக்கலாம். அல்லது மூலத்தின் 'பஹு' என்ற அடையை அவர் நம்பத் தயங்கியிருக்கலாம். எவ்வாறாயினும் பசியாலும் நோயாலும் செத்தவர் தொகையே மொழிபெயர்ப்பில் சுருங்கியது.

மிகப் பெரிய மாற்றம் வருத்தத்தைச் சொல்லும் தொடரில் உள்ளது. பிராகிருதத்தில் கலிங்கத்தை வென்று தேவானாம்பிரியர்க்கு 'அனுசோசன' உண்டு என்ற அமைப்பு காணப்படுகிறது. ஷாபாஸ்கரியில் 'விஜினிதி', கால்சியில் 'விஜினிது' என்பது வினையெச்சம். வினையெச்சத்தின் வினைமுதல் வருந்துபவரே ஆதலால், முதல் தொடரில் காலக் குறிப்புக்குள் ஒதுங்கியிருந்த அரசர் இங்கே ஐயத்திற்கு இடமின்றி வென்றவராக வெளிப்படுகிறார். 'அனு' என்பது பின். 'சோசன' என்பது வருந்துதல். தாம் செய்து முடித்த ஒன்றைப் பற்றிப் பின்னர் வருந்துதல் என்பது பொருள். வருத்தத்தின் இலக்கு தம் செயல்.

கிரேக்கத்தில் இவ்வினையெச்சம் இல்லை. அக்காலம் முதல் இரக்கமும் பரிவும் அவரைப் பற்றின, அவர் அதனைப் பாரமாகச் சுமந்தார் என்ற கருத்தே அங்குள்ளது. கிரேக்கர் ஆண்ட 'எலெயோஸ்', 'ஒய்க்தோஸ்' என்னும் இரண்டும் பிறர் துன்பம் கண்டு எழும் உணர்வுகள். துன்பியல் நாடகத்தைக் காண்பவர்க்கும் அவை எழலாம். அதற்குக் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. ஆக, போர்ச் செயலில் அரசரை எழுவாயாக்கிய அதே மொழிபெயர்ப்பாளர், வருத்தத்தில் அச்செயலை நீக்கிவிட்டார். பிராகிருதத்தில் வெற்றி உரியவரின்றி நிகழ்ந்து, வருத்தத்தில் உரியவரைப் பெறுகிறது. கிரேக்கத்தில் வெற்றிக்கு உரியவர் உண்டு. வருத்தமோ மேலிருந்து இறங்கி அவரைப் பற்றிக்கொள்கிறது. சற்றுப் பின்னர், ஏனையோர் இதனைப் போகிறபோக்கில் கருதுவர், அரசரோ மிக வருந்தினார் என்ற ஒப்பீட்டையும் கிரேக்கம் சேர்த்துள்ளது. அவ்வொப்பீடு அரசரை உயர்த்துகிறது. மூலத்தின் நோக்கம் அதுவன்று.

பாரம் என்ற சொல் மட்டும் வியக்கத்தக்கவாறு பொருந்தியுள்ளது. பிராகிருதத்தில் 'குருமத', அதாவது கனமாகக் கருதப்படுவது. கிரேக்கத்தில் 'பரெயோஸ்', அதாவது கனமாக. 'குரு'வும் 'பரூஸ்' என்னும் கிரேக்க அடைச்சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியும் கை அவ்விடத்தில் சரியாகவே விழுந்தது.

தமிழில்

தமிழில் செயப்பாட்டு வினை உண்டா என்பது கால்டுவெல் காலம் முதல் நடக்கும் வழக்கு. திராவிட மொழிகளில் உண்மையான செயப்பாட்டு வினை இல்லை என்பது அவர் முடிபு. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுவதைத் தொல்காப்பியம் மரபாக ஏற்பதும், திண்ணை மெழுகிற்று என்று உரையாசிரியர் காட்டுவதும் அனைவரும் அறிந்தவை. வெல்லப்பட்டது என்று எழுதினால் ஆங்கில வாடை என்பர். வென்றார் என்று எழுதினால் மூலத்தின் ஒதுக்கம் போய்விடும். இவ்விடத்தில் வெல்லப்பட்டது என்பதே ஏற்புடையது. 'படு' தமிழில் வெறும் துணைவினை அன்று. நடுகற்களில் போரில் வீழ்ந்தவனைப் 'பட்டான்' என்றே பொறித்தனர். துன்பத்தை நுகர்தலும் படுதல். களத்தில் சாதலும் படுதல். செயப்பாட்டைக் காட்டுவதும் அதுவே. கொல்லப்பட்டோர், கொண்டுபோகப்பட்டோர் என்று எழுதும்போது தமிழ் தன் சொந்தப் பொருட்செறிவைத் தருகிறது. 'முட' என்பதை இதனின்று வேறுபடுத்தச் செத்தோர், மாண்டோர் என்ற தன்வினைச் சொற்கள் உள்ளன. உயிரிழந்தனர் என்ற செய்தித்தாள் சொல்லை இருவகையினர்க்கும் பொதுவாக எழுதுவது மூலத்தின் கணக்கையே அழித்துவிடும்.

அகற்றப்பட்டோர்க்கு நாடுகடத்தல் என்ற சொல் பொருந்தாது. அது ஒருவர்க்கு விதிக்கும் தண்டனை. ஒன்றரை நூறாயிரம் பேரைப் பெயர்த்தெடுப்பதற்கு உரியதன்று. சங்க வழக்கில் பகைவரிடமிருந்து கவர்ந்தவை 'கொண்டி' எனப்பட்டன. பட்டினப்பாலையின் 'கொண்டி மகளிர்' பகைநாட்டிலிருந்து பிடித்துக் கொணரப்பட்ட பெண்டிர். மனிதரும் பொருளும் ஒரே சொல்லில் அடங்கியதை அச்சொல் மறைக்கவில்லை. இன்றைய உரைநடையில் அதனை ஆள இயலாது. குடிபெயர்த்துக் கொண்டுபோகப்பட்டோர் என்பது சற்று நீளமாயினும் 'அபவூட' என்பதன் நிருவாக மணத்தையும் வன்முறையையும் ஒருங்கே தரும்.

'அனுசோசன'வுக்கு வரும்போது தமிழில் ஒரு கண்ணி உண்டு. அதற்கு நெருங்கிய வடசொற்களான அனுதாபமும் பச்சாத்தாபமும் தமிழில் ஏற்கெனவே வழங்குபவை. மூல மொழியில் இரண்டும் செய்ததற்குப் பின் வருந்துதலைக் குறிப்பவை. தமிழில் அனுதாபம் இரங்கல் கூட்டங்களுக்குப் போய்விட்டது. பச்சாதாபம் பாவம் என்று பிறரைப் பார்த்துச் சொல்லும் உணர்வாகத் தேய்ந்துவிட்டது. குற்றவுணர்விலிருந்து இரக்கத்திற்கு நகர்தல் என்னும் இப்பொருள்மாற்றம், கந்தகார் மொழிபெயர்ப்பாளர் ஒரே தொடரில் செய்ததைத் தமிழ் பல நூற்றாண்டுகளில் செய்ததாகும். சொல்லைச் சொல்லால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் கலிங்கத்தை எண்ணி அசோகர் அனுதாபப்பட்டார் என்று எழுத நேரும். எழுதினால், ஒன்றரை நூறாயிரம் பேரைப் பெயர்த்தவர் அவர்க்காக இரங்கும் அயலாராகிவிடுவார். கழிவிரக்கம் என்ற தமிழ்ச் சொல் இங்குப் பொருந்தும். கழிந்ததற்கு இரங்கல் என்பது 'அனு' என்ற முன்னொட்டின் காலப்பொருளைத் தாங்கும். கலிங்கத்தை வென்றதற்காகத் தேவானாம்பிரியர்க்குக் கழிவிரக்கம் உண்டு என்னும்போது, அரசர் நான்காம் வேற்றுமையில் நிற்பது பிராகிருதத்தின் ஆறாம் வேற்றுமைக்கு நேராக அமைகிறது. ஆங்கிலம் தடுமாறும் இவ்விடத்தில் தமிழ்க்கு இடர்ப்பாடில்லை. பசியும் சினமும் போலக் கழிவிரக்கமும் ஒருவர்க்கு உண்டாவது தமிழ் இயல்பு.

கலிங்கப் போர் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது அசோகர் அல்லர். முதற் குலோத்துங்கரின் படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போருக்குக் காரணம் வெளிப்படை: கலிங்க வேந்தன் திறை செலுத்தவில்லை. அங்கே தயக்கம் இல்லை, மறைப்பும் இல்லை. மாண்டோர் பேய்களின் கூழுக்குப் பொருளாகின்றனர். தப்பியோடும் கலிங்கர் சிலர் தலைமயிரைப் பறித்துக்கொண்டு அமணர் என்றும், வில்நாணை மார்பில் இட்டு அந்தணர் என்றும் சொல்லிப் பிழைப்பதாக நகைச்சுவை அமைகிறது. அசோகரின் கல்வெட்டிலோ பிராமணரும் சிரமணரும் கலிங்கத்தில் உண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கும், பெற்றோரையும் ஆசிரியரையும் பேணி, நண்பர், உறவினர், அடிமை, ஏவலர் எல்லாரிடத்தும் முறையோடு ஒழுகிய இல்லறத்தார்க்கும் நேர்ந்த கொலையும் பிரிவும் அரசர் நெஞ்சை உறுத்தியவை. தாம் தப்பினும் அன்புடையார்க்கு நேர்ந்ததால் வருந்துவோரையும் அது கணக்கில் சேர்க்கிறது. பரணியின் சொல்வளத்தை, வெற்றி, வாகை, கொற்றம் என்பவற்றைச் சிந்திக்காமல் பதின்மூன்றாம் கல்வெட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எனினும் ஒன்று உண்டு: அசோகர் 'விஜய' என்ற சொல்லைக் கைவிடவில்லை. தலைசிறந்த வெற்றி தம்ம வெற்றியே என்று அதற்கு அடைமாற்றுகிறார். ஐந்து யவன அரசர் நாடுகளிலும், தெற்கே சோழர், பாண்டியர், தாம்பிரபர்ணி வரையிலும் அவ்வெற்றி கிடைத்துவிட்டது என்கிறார். வெல்லப்பட்டதாகச் சொல்லப்படும் சோழரும் பாண்டியரும் அதனை எவ்வாறு கருதியிருப்பர் என்பது தமிழ் மொழிபெயர்ப்பாளர் புன்முறுவலோடு கடக்க வேண்டிய இடம்.

கழிவிரக்கமும் ஆற்றலும்

மென்மையான மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் தளர்ந்துபோவது காட்டுவாழ்நர் பற்றிய பகுதியில்தான். ஆட்சிப் பரப்பிலுள்ள காட்டினரையும் அரசர் இணக்குவிக்கிறார்; ஆனால் கழிவிரக்கத்திலும் அவர்க்கு ஆற்றல் உண்டு என்பது அவர்களுக்குச் சொல்லப்படுகிறது; அவர்கள் நாணி அடங்கட்டும், கொல்லப்படாதிருக்கட்டும். இங்கு மூலம் ஆள்வது 'அனுதாப' என்ற சொல்லையே; அதனை அடுத்து நிற்பது 'பிரபாவ', அதாவது ஆற்றல். வருந்தும் கையே வாளையும் ஏந்தியுள்ளது என்ற எச்சரிக்கை இது. கலிங்கத்தில் செத்தவரில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு நேர்ந்தாலும் இன்று தமக்குப் பாரம் என்று சில வரிகளுக்கு முன் சொன்னவரே இதனையும் சொல்கிறார். குடிபெயர்க்கப்பட்டோரைத் திருப்பி அனுப்புவது பற்றியோ கலிங்கத்தை விடுவிப்பது பற்றியோ கல்வெட்டில் சொல்லில்லை. மகனும் கொள்ளுப்பேரனும் புதிய வெற்றியை நாட வேண்டாம் என்கிறது. நாடினால் பொறுமையும் இலேசான தண்டமும் கொள்க என்று ஒரு வாயிலையும் திறந்து வைக்கிறது. இப்பகுதிகளைச் சுருக்கி, கழிவிரக்கத்தை மட்டும் விரித்துக் காட்டும் தொகுப்புகள் ஆட்சியாளரை நல்லவராக்குகின்றன, ஆவணத்தைப் பொய்யாக்குகின்றன.

கலிங்கத்தில் இல்லாத கல்வெட்டு

கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் பதினொன்றும் பன்னிரண்டும் பதின்மூன்றும் பொறிக்கப்படவில்லை. அவற்றுக்கு மாற்றாகத் தோசலியிலும் சமாபையிலும் இருந்த மகாமாத்திரரை நோக்கிய இரண்டு தனிக் கல்வெட்டுகள் உள்ளன. கலிங்க மக்களிடம் அவர்களுடைய சாவுக் கணக்கைப் படித்துக் காட்டுவதை ஆட்சி தவிர்த்தது என்ற விளக்கம் எளிதில் தோன்றும். அது பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆனால் 1989இல் கருநாடகத்தின் சன்னதியில் கிடைத்த கற்பலகை இதனைச் சற்றுச் சிக்கலாக்கியது. அதில் பன்னிரண்டாம், பதினான்காம் கல்வெட்டுகளின் பகுதிகளோடு அதே இரு தனிக் கல்வெட்டுகளும் உள்ளன. சன்னதி கலிங்கம் அன்று. எனவே தனிக் கல்வெட்டுகள் கலிங்கத்திற்கென்றே எழுதப்பட்டவை என்ற முடிவை அப்படியே வைத்துக்கொள்ள இயலாது.

இலக்கண வேறுபாடு மட்டும் தெளிவாக நிற்கிறது. பதின்மூன்றாம் கல்வெட்டின் வருத்தம் படர்க்கையில் உள்ளது. தேவானாம்பிரியர்க்கு உண்டு என்றே அது பேசுகிறது. தனிக் கல்வெட்டுகள் தன்மையில் பேசுகின்றன: 'இச்சாமி', விரும்புகிறேன், 'மம', என்னுடைய, மாந்தர் எல்லாரும் என் மக்கள். தன்மை வழக்கு வேறு சில கல்வெட்டுகளிலும் உண்டு. ஆறாம் கல்வெட்டு ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும் கலிங்கத்தை வென்றதைப் பிறர்க்குச் சொல்லும்போது படர்க்கையும், கலிங்கத்தில் ஆள்வோரிடம் பேசும்போது தன்மையும் வந்திருப்பது மொழிபெயர்ப்பில் கட்டாயம் காக்கப்பட வேண்டியது. அத்தன்மைப் பேச்சின் உள்ளீடும் இனிமையானதன்று. காரணமின்றிச் சிறைப்படுத்தலும் துன்புறுத்தலும் நிகழ்வதை முதல் தனிக் கல்வெட்டு ஒப்புக்கொள்கிறது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவற்றை அதிகாரிகள் விட வேண்டும் என்கிறது. போர் முடிந்து ஐந்தாண்டுகளேனும் கடந்த பின்னர் வெட்டப்பட்ட வரிகள் இவை. மகாமாத்திரரின் தம்மப் பணி பதின்மூன்றாம் ஆட்சியாண்டில் தொடங்கியதை ஐந்தாம் கல்வெட்டே கூறுவதால் இக்கணக்குக் கிடைக்கிறது.

அசோகர் கல்வெட்டுகளைத் தமிழில் தொகுப்போர் பதினான்கையும் ஒன்று முதல் வரிசையாக அச்சிடுவது வழக்கம். அவ்வாறு அச்சிடும்போது தௌலிப் பாறையில் உள்ளபடி இல்லாத ஒரு நூல் உருவாகிறது. தௌலிப் பாடத்தைத் தனியே கொடுக்கும் பதிப்பு, பத்தாம் கல்வெட்டுக்கும் பதினான்காம் கல்வெட்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டுக் காட்டுவதே முறை. தௌலியில் யானையின் முன்னுருவம் செதுக்கிய பாறையின் கீழ், பத்தாவதை அடுத்து வாசகர் படிப்பது பதினான்காவதையே. அதில், தம் கல்வெட்டுகளில் சுருங்கியவையும் இடைப்பட்டவையும் விரிந்தவையும் உண்டு, எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை, சில இடங்களில் முழுமையின்றி எழுதப்பட்டிருந்தால் அது இடம் கருதியோ, காரணம் கருதியோ, எழுதியவன் பிழையாலோ நேர்ந்தது என்று அரசர் குறிப்பிடுகிறார்.